ஒத்திகைப் பரீட்சைக்கு வந்த காய்ச்சல்

1

ஊரில் எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள். தினமும் விடிவதற்குள் ரோஜாப்பூவையும் காப்பிக் கோப்பையையும் போட்டு வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புகிறவர்களுக்கு நலத்துக்கு என்ன குறைச்சல்? இங்கே இங்கிலாந்தில் நானும் நலம். பல் இரண்டு போனது, தம்பி பஸ் ஓட்டுகிற புண்ணியத்தில் ஓசி பஸ் பாஸ் ஒன்று வந்தது. அது தவிர, எனக்குப் பரீட்சை வந்திருக்கிறது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, உத்திரமேரூருக்கு உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில். அதோடு பரீட்சைக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது என்று இத்தனை காலம் நிம்மதியாக இருந்தேன். இப்போது என் தம்பி ஏகாம்பரம், இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கிக்கொள் என்கிறான். அதற்கு மனுப் போட்டால், இங்கிலீஷ் பேசத் தெரியுமா என்று ஒரு பரீட்சை, இந்த நாட்டு ராஜாக்களைத் தெரியுமா என்று இன்னொரு பரீட்சை. அறுபத்தைந்து வயது ஆனவர்களுக்கு இரண்டும் கிடையாதாம். ஏரி உடைந்த வருஷம் நான் பிறந்ததாக எங்கள் அம்மா சொல்லுவாள். அந்தக் கணக்குக்கு எனக்கு அறுபத்தாறு.

ஆனால் ஏரி உடைந்ததை இங்கே யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளியில் சேர்த்த அன்று ஹெட்மாஸ்டர், வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொன்னார். நான் குள்ளம். ஏழு வயதில்தான் காது எட்டியது. காது எட்டினால் ஐந்து வயது என்று அவருக்குச் சட்டம். ஜூன் முதல் தேதி என்று எழுதிக்கொண்டார். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஜூன் முதல் தேதி பிறந்தவர்கள். அந்தத் தேதிதான் பாஸ்போர்ட்டில் ஏறி, விசாவில் ஏறி, இப்போது எனக்கு அறுபத்து நாலு என்று சாதிக்கிறது. அன்றைக்கு எட்டாத கைக்கு இன்றைக்குத் தண்டனை.

போன வாரம் தபாலில் ஒரு சின்னக் கவர் வந்தது. உள்ளே ஒரு நீலப் பேனா. மூடியில் காய்ந்துபோன குங்குமம். அனுப்பியவள் கீர்த்தனா, ஏகாம்பரத்தின் மகள். நான் போன் போட்டேன்.

“பேசுற பரீட்சைக்குப் பேனா எதுக்குடி?”

“வெச்சிக்கோ அத்தே. அம்மன் காலாண்ட வெச்ச பேனா. நானுந்தான் இத்த யூஸே பண்ணலியே.”

அவள் ஏன் அதைப் பயன்படுத்தவில்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாட்டுக் கொட்டகையில் போய் நின்றுகொண்டவள் நான். மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, மாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

2

ஆறு மாதத்துக்கு என்றுதான் இங்கே வந்தேன். கீர்த்தனாவைப் பெற்றுவிட்டுப் படுத்த அவள் அம்மா எழுந்திருக்கவே இல்லை. குழந்தைக்கு மூன்று மாதம். பஸ் ஓட்டுகிற ஏகாம்பரம் காலை நான்கு மணிக்கு டிப்போவில் இருக்க வேண்டும். டிக்கெட் அனுப்பினான், வந்தேன். இன்னும் அந்த ஆறு மாதம் முடியவில்லை.

குழந்தைகளுக்குப் பல மொழி கற்றுக்கொடுங்கள் என்று இங்கே சுகாதார நர்ஸ் வந்து சொல்வாள். எனக்குத் தெரிந்தது ஒன்று, அதுவும் எங்கள் ஊர்ப் பேச்சு. அதைத்தான் அவள் கற்றாள். வெளியே போனால் ராணி வீட்டுப் பெண் மாதிரி இங்கிலீஷ் பேசுவாள். வீட்டுக்குள் வந்தால், “இன்னா அத்தே, நாஷ்டாவுக்கு இன்னா கீது?” இங்கே தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்கள் அவளை ஒரே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்ற பிள்ளைகள் கெட்டுப்போவார்களாம்.

படிப்பில் கெட்டிக்காரி. ஆனால் பரீட்சை என்றால் பயம். பதினாறு வயதில் எழுதுகிற பெரிய பரீட்சையில், கேள்வித்தாளைப் பிரித்ததும் வாந்தி எடுத்துவிட்டு மண்டபத்தை விட்டு ஓடி வந்துவிட்டாள். அந்த ஒரு பாடத்தைத் திரும்ப எழுதித்தான் மேலே போனாள். அடுத்தது பதினெட்டு வயதுப் பரீட்சை. அவளுக்குப் பிரசவம் பார்க்கிற நர்ஸ் படிப்பு வேண்டும். ஏன் அந்தப் படிப்பு என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. பல்கலைக்கழகத்தில் இடம் வைத்திருக்கிறோம், இத்தனை மார்க் வாங்கி வா என்று கடிதமும் வந்துவிட்டது. அந்தக் கடிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு முறை படிப்பாள்.

நான் என்னால் ஆன உதவியைச் செய்தேன். அம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

“தாயே, இந்தப் புள்ளைக்குப் பரீட்சை பயம் இல்லாம பண்ணிடு. உன் கும்பாபிஷேகத்துக்கு இவளையே இட்டுக்கினு வந்து பொங்கல் வைக்கிறேன்.”

ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் குலதெய்வத்துக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகம். அந்தத் தை மாதம் நாள் குறித்தார்கள். அதே வாரத்தில் கீர்த்தனாவின் பள்ளியில் ஒத்திகைப் பரீட்சை வைத்தார்கள். அம்மனும் பள்ளிக்கூடமும் கலந்து பேசிக்கொள்ளவில்லை.

3

“அத்தே, மாக் எக்ஸாம் கீது. நான் வரலை.”

“மாக்னா?”

“ஒத்திகை.”

“ஒத்திகைதானேடி! பப்ளிக் வைகாசியிலதானே கீது?”

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலாண்டு, அரையாண்டு எல்லாம் நம் வீட்டில் பரீட்சையா? அது வாத்தியார்களுக்குப் பொழுது போக வைப்பது. அரையாண்டு அன்றைக்குப் பிள்ளை கல்யாணத்துக்கு வரும், காதுகுத்துக்கு வரும், நெல் காயவைக்கவும் வரும். பப்ளிக் வந்தால்தான் டிவியை மூடிப் போட்டுக் கோழிக்கறியை நிறுத்துவோம். அந்த அறிவை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறி வந்திருந்தேன்.

கீர்த்தனா அழுதாள். குரல் எழுப்பாமல், புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு அழுதாள். நான் அவள் துணிகளைப் பெட்டியில் அடுக்கினேன். வேண்டுதலை மறந்தால் என்ன ஆகும் என்று நாலு கதை சொன்னேன். பத்து நீலப் பேனா வாங்கி அதே பெட்டியில் வைத்தேன், அம்மன் பாதத்தில் வைத்து எடுக்க.

பள்ளியில் ஏற்கனவே கடிதம் போட்டிருந்தார்கள். சரியான காரணம் இல்லாமல் ஒத்திகைக்கு வராதவர்களைப் பெரிய பரீட்சையில் சேர்ப்பது சந்தேகம் என்று. குலதெய்வம் சரியான காரணம் என்று எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. ஏகாம்பரம் யோசித்தான். நம் ஊரில் பள்ளிக்கூடம் போன எவனும் தூக்கத்தில்கூட எழுதுகிற கடிதம் ஒன்று உண்டு, காய்ச்சலால் அவதிப்படுவதால் விடுப்பு வேண்டும் என்று. பஸ் ஓட்டி இருபது வருஷம் ஆனாலும் அது அவனுக்கு மறக்கவில்லை.

“ஃபீவர்னு சொல்லிடறேன்கா. ஒன்போது நாள் ஃபீவர். எவன் வந்து பாக்கப்போறான்?”

4

இங்கே பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் தினமும் காலை எட்டரைக்குள் பள்ளிக்குப் போன் போட்டு, பதிவு செய்கிற இயந்திரத்தில் சொல்ல வேண்டும். இங்கே எட்டரை என்றால் நம் ஊரில் பகல் இரண்டு மணி.

ஆகவே தினமும் பகல் இரண்டு மணிக்கு என் தம்பி, ஒலிபெருக்கி கேட்காத இடம் தேடி ஓடினான். கும்பாபிஷேக ஊரில் அப்படி ஓர் இடம் கிடையாது. முதல் நாள் ஏரிக்கரைக்குப் போனான். அங்கே ஆலமரத்தில் ஒரு குழாய் கட்டியிருந்தார்கள். அடுத்த நாள் வாடகைக் காருக்குள் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, நாற்பது டிகிரி வியர்வையில், “மை டாட்டர் ஸ்டில் ஃபீவர்” என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் அவனுக்குத்தான் காய்ச்சல் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுப்பார்.

மூன்றாம் நாள் அவன் போனை எடுத்த நேரம், நாயனக்காரர் மூச்சுப் பிடித்தார். அதோடு மைக்கில் ஒருவர்:

“லண்டன் மாநகரிலிருந்து வருகை தந்திருக்கும் ஏகாம்பரம் குடும்பத்தார், குமாரி கீர்த்தனா உட்பட, பொங்கல் வைக்கும் இடத்துக்கு உடனே வரவும்!”

நாங்கள் இருப்பது லண்டனிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில். அதை ஊரில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வெளிநாடு என்றால் லண்டன், அதற்குள்ளே தெருத் தெருவாகப் பிரித்துப் பேசுவது அவர்களுக்குத் திமிராகத் தெரிகிறது.

பொங்கல் பொங்கியது. கீர்த்தனா கண்ணைக் கசக்கிக்கொண்டே குலவை போட்டாள், புகையாலா வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. பத்துப் பேனாவும் அம்மன் காலடியில் குங்குமத்தோடு இருந்தன. திரும்பி வந்து இறங்கிய மறுநாள், மிச்சம் இருந்த ஒரே ஒரு ஒத்திகைப் பரீட்சையைப் பயணத் தூக்கத்தோடு எழுதினாள். மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டதாகப் பிறகுதான் தெரிந்தது. மற்ற இரண்டு பாடமும் எழுதவே இல்லை. போகட்டும், ஒத்திகைதானே!

இரண்டே மாதத்தில் உலகம் பூராவும் காய்ச்சல் வந்தது. டிவியில் மந்திரி வந்து, இந்த வருஷம் பரீட்சை ரத்து என்றார். வாத்தியார்களே இதுவரை பார்த்ததை வைத்து மார்க் போடுவார்களாம். இதுவரை பார்த்தது என்றால் முக்கியமாக எது என்று கீர்த்தனா எனக்கு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக விளக்கினாள்.

ஒத்திகை.

என் அம்மனைக் குறை சொல்ல மாட்டேன். பரீட்சை பயம் இல்லாமல் பண்ணு என்றேன். அவள் பரீட்சையே இல்லாமல் பண்ணிவிட்டாள். சுற்றி வளைக்காத தெய்வம்.

5

அதற்குப் பிறகு கீர்த்தனா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. “சாப்பிடறியா?” என்றால் தலையை ஆட்டுவாள். அத்தை என்கிற சொல் வீட்டில் கேட்கவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த கடிதத்தைக் காணோம்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் எங்களுக்கு உதவிக்கு வந்தது. பரீட்சை ரத்தான பிள்ளைகளுக்கு வீட்டில் எப்படி ஆதரவு தருவது என்று ஊராட்சியிலிருந்து ஒரு தாள். எல்லா மொழியிலும் அச்சடித்திருந்தார்கள். தமிழும் இருந்தது. எங்கள் தெருவிலேயே அதைப் படிக்க முடிந்தவர்கள் நானும் தம்பியும்தான். அவன் படிக்கவில்லை. நான் மூன்று முறை படித்தேன்.

உங்கள் குழந்தையின் உணர்வுகளைச் செல்லுபடியாக்குங்கள் என்று முதல் வரி. டிக்கெட்டைச் செல்லுபடியாக்குவது எப்படி என்று ஏகாம்பரத்துக்குத் தெரியும், உணர்வை எந்த இயந்திரத்தில் வைப்பது என்று அவனும் அறியான். அடுத்தது, ஒன்றாக நடைப்பயிற்சி போங்கள். வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று அதே ஊராட்சி அனுப்பிய இன்னொரு தாள் பக்கத்திலேயே கிடந்தது. சூடான பானம் கொடுங்கள் என்று மூன்றாவது. அது மட்டும் எனக்குப் புரிந்தது. சுக்குக் காப்பி போட்டு அறை வாசலில் வைத்தேன். ஆறியதும் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் என் ஆதரவு இப்படியாக நடந்தது.

பிள்ளையின் ஒத்திகையைக் கெடுத்தது நீங்களே என்றால் என்ன செய்வது என்று அந்தத் தாளில் வரி இல்லை. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

6

ஊரிலும் அதே கதைதான், வாத்தியம் மட்டும் வேறு. என் தங்கை வசந்தா உத்திரமேரூரில் இருக்கிறாள். அவள் மகள் சுகன்யா அந்த வருஷம் பத்தாவது. வசந்தா போன் போட்டாள்.

“அக்கா, நம்ம சுகன்யா பாஸ்! ஆல் பாஸ்! பஸ் ஸ்டாண்டாண்ட பேனர் வெச்சிக்கீறோம், பாத்தியா?”

படம் அனுப்பியிருந்தாள். ‘பத்தாம் வகுப்புத் தேர்வில் மகத்தான வெற்றி’ என்று போட்டு, சுகன்யா தாவணியில் நிற்கிறாள், பின்னால் நயாகரா அருவி. எழுதாத பரீட்சையில் வெல்வதைவிட மகத்தானது ஒன்று இருக்க முடியாதுதான். அவளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

“எழுதியிருந்தா கணக்குல நூறு எடுத்திருப்பேன் பெரிம்மா,” என்றாள் குரல் இறங்கி. “இப்ப அரையாண்டு மார்க்கத்தான் போடுவாங்களாம். அன்னிக்கு அக்கா நிச்சயதார்த்தம்னு அம்மா பாதியிலயே வரச்சொல்லிட்ச்சி.”

பின்னால் வசந்தா குரல் கேட்டது. “அரையாண்டுதானேடி!”

அக்கா தங்கை என்றால் அப்படி. ஏழு கடல் தாண்டியும் ஒரே புத்தி.

நான் கீர்த்தனாவின் கஷ்டத்தைச் சொன்னதும் வசந்தா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “காச்சல்னுதானே சொன்னீங்க? சர்டிபிகேட் குடுத்துடுங்க. நான் வாங்கி அனுப்பறேன்.” அரை மணி நேரத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரு கம்பவுண்டர் தயவில் வாட்ஸ்அப்பில் சர்டிபிகேட் வந்துவிட்டது. டைஃபாய்டு. பன்னிரண்டு நாள் முழு ஓய்வு. கேட்டது ஒன்பது நாள், மூன்று நாள் அவர் கொசுறு. ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அவள் பார்த்தாள். இத்தனை நாளில் முதல் முறையாகப் பேசினாள்.

“நைனா, நான் இங்க வூட்ல காச்சலா படுத்துக்கினு கீறேன்னுதானே தினமும் போன் பண்ணே?”

“ஆமா.”

“இதுல உத்திரமேரூர்னு ரவுண்டு சீல் கீது.”

ஏகாம்பரம் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். இருந்தது. இங்கிலீஷிலும் தமிழிலும், பின்கோடோடு.

“நான் ஸ்கூல்ல உண்மைய சொல்லப்போறேன்,” என்றாள் கீர்த்தனா.

“சொல்லாதமா, பேஜாராப்பூடும். பொய் சொன்ன குடும்பம்னு எழுதிடுவாங்க. போடற மார்க்கையும் போடமாட்டாங்க.”

“நான் சொல்றேன்,” என்றேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்குத் தபால்காரன் வந்தால் திரைக்குப் பின்னால் போகிறவள் சொல்கிற பேச்சா இது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

7

பள்ளியே கூப்பிட்டது. மிஸஸ் ஹேல் என்று கீர்த்தனாவின் வகுப்புப் பொறுப்பாசிரியை, கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று நேரம் கொடுத்தாள். வாத்தியாரம்மாவைப் பார்க்கப் போகிறோமே என்று கும்பாபிஷேகத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டு, படத்தில் என் காது மட்டும் தெரிகிற மாதிரி ஓரமாக உட்கார்ந்தேன். ஏற்பாடு என்னவென்றால், நான் தமிழில் சொல்ல, கீர்த்தனா இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

மிஸஸ் ஹேல் நைட்டி மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு, நாயை மடியில் வைத்திருந்தாள். அவள் கேட்டதைக் கீர்த்தனா எனக்குச் சொன்னாள்.

“எக்ஸாம்னு ஒண்ணு நடந்திருந்தா நான் எவ்ளோ எடுத்திருப்பேன்னு அவங்க எழுதணுமாம். முன்ன ஒருவாட்டி பயந்து ஓடினேனே, மாக்குக்கும் அதே மாதிரிதான் வராம இருந்தேனான்னு கேக்கறாங்க. அப்டின்னா எக்ஸாம் வந்திருந்தாலும் ஓடியிருப்பேன்னு அர்த்தம். மார்க் கொறையும்.”

ஒருவாறாகச் சொன்னேன்.

“காச்சலே இல்லன்னு சொல்லு. அவ வரமாட்டேன்னு அழுதா, நான்தான் பெட்டி கட்டி இழுத்துக்கினு போனேன்னு சொல்லு. எழுதணும்னுதான் அவ சொன்னான்னு சொல்லு.”

கீர்த்தனா கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருஷம் குழந்தைகள் டிவி பார்த்து வளர்ந்த இங்கிலீஷ் என்னுடையது. முயல் பேசினால் புரியும், கரடி பேசினால் புரியும். கீர்த்தனா பேசியதும் புரிந்தது. காய்ச்சல் இல்லை என்றாள், அதுவரை சரி. அதற்குப் பிறகு, போக வேண்டும் என்று எனக்குத்தான் ஆசை, நானே எடுத்த முடிவு, அத்தைக்கு இதில் சம்பந்தம் இல்லை என்றாள்.

மிஸஸ் ஹேல் முகம் விழுந்தது. குனிந்து என்னமோ எழுத ஆரம்பித்தாள்.

எழுதிவிட்டால் போச்சு. ஹெட்மாஸ்டர் ஜூன் முதல் தேதி என்று எழுதியபோதும் என் அம்மா வாயை மூடிக்கொண்டுதான் நின்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நடுவில் வந்தேன். படம் பூராவும் பட்டுப்புடவை.

“நோ மேடம்,” என்றேன். “ஷீ நோ வான்ட். ஷீ க்ரை. எக்ஸாம் வான்ட். ஐ டேக். ஃபீவர் நோ. டெம்பிள்.”

அவ்வளவுதான் என் கையிருப்பு. இந்த நாட்டில் வீட்டு ஆள் அல்லாத ஒருவரிடம் நான் பேசிய முதல் இங்கிலீஷ் அதுதான். கீர்த்தனா என் முழங்கையைப் பிடித்தாள். மிஸஸ் ஹேல் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு, இருப்பதிலேயே மெதுவான இங்கிலீஷில், எனக்கே புரிகிற மாதிரி சொன்னாள். ஒன்பது நாள் செய்தியையும் அவள் கேட்டாளாம். தினமும் பின்னால் மேளம் கேட்டதாம். மூன்றாவது நாள் செய்தியை அலுவலகத்தில் எல்லோருமாக உட்கார்ந்து கேட்டார்களாம். யாரோ மைக்கில் கீர்த்தனா என்று கூப்பிட்டது நன்றாகக் கேட்டதாம். இவ்வளவு சந்தோஷமான காய்ச்சலை இதுவரை பார்த்ததில்லையாம்.

காரில் வியர்த்த வியர்வையெல்லாம் வீணாகப் போன என் தம்பி, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு தலையில் அடித்துக்கொண்டான்.

எழுதியதை அவள் அடித்தது எனக்குத் தெரிந்தது. மேலே எதுவும் சொல்லக்கூடாது, மார்க்கை வெளியே சொன்னால் குற்றம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திரை கறுப்பானது.

“இன்னா அத்தே, இங்கிலீஷ் பேசறே!”

“நீ பொய் பேசறே. நான் இங்கிலீஷ் பேசினா இன்னா?”

“உன்னப் பத்தித் தப்பா எழுதிடுவாங்கன்னுதான்…”

“எழுதட்டும். எனுக்கு இன்னா இங்க காலேஜில சீட்டா குடுக்கப்போறாங்க?”

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். அத்தை என்றாளே, எனக்கு அது போதும். அன்று சுக்குக் காப்பி ஆறவில்லை.

8

ஆகஸ்ட் மாதம் மார்க் வந்தது. வாத்தியார்கள் போட்ட மார்க்கை ஒரு கம்ப்யூட்டரிடம் கொடுத்துச் சரிபார்த்தார்களாம். கீர்த்தனாவின் பள்ளியில் முந்தைய வருஷங்களில் படித்தவர்கள் குறைவாக எடுத்திருந்தார்கள் என்று, அது இவள் மார்க்கையும் வெட்டிவிட்டது. முன்னே பின்னே தெரியாத பிள்ளைகள் தூங்கியதற்கு இவளுக்குத் தண்டனை. நர்ஸ் படிப்பில் இடம் இல்லை என்று பல்கலைக்கழகம் ஒரே வரியில் சொல்லிவிட்டது.

உத்திரமேரூர்ப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு சங்கதி வெட்டியிருக்கிறது. நாலாம் வகுப்பில் டீச்சர் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சபைக்கு ஆள் எடுக்க, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, எல்லோர் முன்னாலும் ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்களாம். இந்த நாட்டுக் கம்ப்யூட்டர் அந்தக் குடத்தைத்தான் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. என்ன, எங்கள் குடத்தை ஊரார் பார்க்கலாம். இவர்கள் குடத்துக்கு மூடி போட்டிருக்கிறது.

நாடு பூராவும் பிள்ளைகள் அட்டை பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். கீர்த்தனாவும் போனாள். நான் எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுத்தேன். ஊராட்சித் தாளில் இல்லாத ஆதரவு அது. ஒரு வாரம் முடிவதற்குள் மந்திரி திரும்ப டிவிக்கு வந்து, கம்ப்யூட்டர் சொன்னது ரத்து, வாத்தியார் போட்டதே மார்க் என்றார். பரீட்சையை ரத்து செய்து, ரத்துக்குப் பதிலாக வைத்ததையும் ரத்து செய்த நாடு இது. இங்கே ஒரு பஸ் ரத்தானால் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுப் பலகை வைக்கிறார்கள்.

மிஸஸ் ஹேல் போட்ட மார்க் வெளியே வந்தது. பல்கலைக்கழகக் கடிதத்தில் கேட்டிருந்தது சரியாக அவ்வளவுதான். ஒரு படிகூடக் கூட இல்லை. என் பத்துப் பதினைந்து இங்கிலீஷ் சொல்லால் வந்ததா, கீர்த்தனா இரண்டு வருஷம் படித்ததால் வந்ததா என்று யாரும் சொல்லவில்லை. கேட்கவும் கூடாதாம். எனக்கு எப்போதுமே கேட்கிற பழக்கம் இல்லை. கடிதம் திரும்ப ஃப்ரிட்ஜ் கதவுக்கு வந்தது.

9

இப்போது கீர்த்தனா இரண்டு மணி நேரத் தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிறாள். வருவது குறைந்துவிட்டது. போன வருஷம் பொங்கலுக்கு வருகிறேன் என்றாள், யாரோ ஒருத்திக்கு அன்றைக்குத்தான் இரட்டைக் குழந்தை பிறக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் போன் தவறாது. “இன்னிக்கு நாலு புள்ள அத்தே,” என்பாள், வயலில் மூட்டை எண்ணுகிற மாதிரி. இப்போது அந்த நேரத்தில் எனக்குப் பாடம் நடக்கிறது. போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு உட்காருகிறேன். கேள்வி கேட்கும்போது அவள் சிரிப்பதில்லை. பஸ் எண்ணைக் கேட்கிறாள், பிடித்த சமையலைக் கேட்கிறாள். அத்தே, நீ இப்ப அத்தே இல்ல, பரீட்சைக்கு வந்தவ என்கிறாள்.

பெரிய பரீட்சைக்கு முன்னால், நான் நூலகத்துக்குப் போய்ப் படிக்கிற இங்கிலீஷ் வகுப்பில் ஒரு ஒத்திகைப் பரீட்சை. அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை.

போன ஞாயிறு பாடத்தின் நடுவில் வீட்டுப் போன் அடித்தது. வசந்தா.

“அக்கா, மேல் மாடி கட்டி முடிச்சாச்சி. அடுத்த மாசம் கிரகப்பிரவேசம், ஐயரு புதன்கெழமைய குறிச்சிக் குடுத்துட்டாரு. நீ வரணும்.”

தேதியைக் கேட்டேன். சொன்னாள்.

“அன்னிக்கு எனக்கு இங்க ஒத்திகைப் பரீட்சை கீது வசந்தா. சுகன்யா கல்யாணத்துக்குக் கண்டிப்பா வரேன்.”

“அய்யே! ஒத்திகைதானேக்கா! அதுக்குப் போய் யாராவது நிப்பாங்களா? நாலு ஜனம் கேட்டா நான் இன்னா சொல்றது?”

நான் குங்குமம் ஒட்டியிருந்த பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“காச்சல்னு சொல்லிடு,” என்றேன். “அன்னிக்கு எனக்குக் காச்சல்.”

அவளுக்குச் சந்தேகம் வந்திருக்காது. என் பக்கம் மேளம் எதுவும் இல்லை. சர்க்கரை டப்பாமேல் இருந்த இன்னொரு போனில், கீர்த்தனா சிரிக்கிற சத்தம் மட்டும் லேசாகக் கேட்டிருக்கும்.